பாலிமர் கலந்த பிட்டுமென் மூப்படையும்போது: ஆய்வகத்தில் அளப்பதும், அளந்ததைப் படிப்பதும்

விஜி-30 தரம் போன்ற சாதாரண பிட்டுமெனை (தார்ச்சாலையில் கற்களை ஒட்டவைக்கும் கறுப்புப் பசையை) சூடாக்கிக் காற்றில் வைத்தால் நடப்பது ஒன்றுதான்: இறுகும். பாகுத்தன்மை கூடும், நெகிழ்வு குறையும். முன்னும் பின்னும் ஒரே ஓர் அளவை எடுத்து வகுத்தாலே எவ்வளவு மூப்பு என்று சொல்லிவிடலாம்.

எஸ்பிஎஸ் பாலிமர் கலந்த பிட்டுமெனில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில், எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. பிட்டுமென் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. பாலிமரோ சங்கிலி அறுந்து தளர்கிறது. இரண்டின் கூட்டுத்தொகையைத்தான் கருவி காட்டும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டால் "மூப்பே இல்லை" என்பது போன்ற அழகான எண் கிடைக்கும். அந்த எண்ணை நம்பிப் போட்ட சாலையில் சில ஆண்டுகளில் வெடிப்பு விழும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதற்காகவே இந்த வழிகாட்டி. நம் ஊர்களில் அதிகம் புழங்கும் எஸ்பிஎஸ் வகையை மையமாக எடுத்துக்கொள்வோம். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 15462-இன் 2019 திருத்தத்தில் பிஎம்பி (பாலிமர் கலந்த பிட்டுமென்) 70-10, பிஎம்பி 76-10 என்று வரும் தரங்களை மனதில் வைத்துப் படியுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

எஸ்பிஎஸ் என்பது ஸ்டைரீன், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்று மூன்று துண்டுகளாக அமைந்த சங்கிலி. இரு முனைகளிலும் உள்ள பாலிஸ்டைரீன் கெட்டியான முடிச்சுகளாகத் திரள்கிறது; நடுவில் உள்ள பாலிபியூட்டாடையீன் ரப்பர் போல இழுபடுகிறது. பிட்டுமெனில் உள்ள எண்ணெய்த்தன்மையான பகுதியை இந்த ரப்பர் உறிஞ்சிப் பல மடங்கு வீங்கும். அதனால்தான் எடையில் 3 முதல் 5 சதவீதம் போட்டாலே முழுக் கலவையின் குணமும் மாறிவிடுகிறது.

மூப்பில் முதலில் அடிவாங்குவது அந்த நடுத்துண்டுதான். பியூட்டாடையீனில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. வெப்பமும் ஆக்சிஜனும் அங்கேதான் கை வைக்கும். சங்கிலி நடுவில் அறுந்தால் இரண்டு முடிச்சுகளை இணைத்திருந்த பாலம் போய்விடும். முடிச்சுகள் இருக்கும், வலை இருக்காது. பிட்டுமென் பக்கத்திலும் இழப்பு உண்டு. அரோமேட்டிக் எண்ணெய்கள் ரெசினாகவும், ரெசின்கள் அஸ்ஃபால்ட்டீனாகவும் மாறுவதால் பாலிமரை ஊறவைத்திருந்த திரவமும் குறைகிறது. ஆக, பாலிமர் அறுபடாமல் இருந்தாலும்கூட அதன் வலை சுருங்கும்.

இவிஏ (எத்திலீன்-வினைல் அசிடேட்) வகைப் பாலிமரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆகவே இந்த அறுபடல் அதில் மிகக் குறைவு. ஆனால் அதன் விறைப்பு படிகங்களிலிருந்து வருகிறது. படிகம் உருகும் வெப்பநிலையைத் தாண்டியதும் குணம் சட்டென்று மாறும். எஸ்பிஎஸ்-க்குச் சொல்லும் விளக்கத்தை இவிஏ அளவீட்டின் மேல் அப்படியே ஏற்றாதீர்கள்.

மாதிரி: பாதிப் பிழை இங்கேதான் நுழைகிறது

முழுச் சோதனைக்கும் சுமார் அரை கிலோ தேவை. ஆர்டிஎஃப்ஓ அடுப்புக்கு (சுழலும் புட்டிகளில் மெல்லிய படலமாக்கிச் சூடாக்குவது) 35 கிராம் வீதம் எட்டுப் புட்டி, அதாவது 280 கிராம். எடை மாற்றம் பார்க்கும் இரண்டு புட்டிகளின் எச்சத்தை வேறு சோதனைக்கு எடுக்கக் கூடாது. மீதி ஆறு புட்டிகளைச் சுரண்டினால் இரண்டு பிஏவி (காற்றழுத்தக் கலனில் மூப்படையச் செய்வது) தட்டுகளுக்கு வேண்டிய 100 கிராமும், டிஎஸ்ஆர் (இரு தட்டுகளுக்கு இடையே முறுக்கி அளக்கும் கருவி) சோதனைகளுக்கு வேண்டியதும் தாராளமாகக் கிடைக்கும். மூப்படையாத நிலையில் சோதிக்க 100 கிராம் தனியாக வையுங்கள்.

டப்பாவை அடுப்பில் வைத்து, மூடியைத் தளர்த்தி, 165 முதல் 175°செ வரை சூடாக்குங்கள். 180-ஐத் தாண்ட வேண்டாம். நேரடித் தீயிலோ சூட்டுத் தட்டிலோ வைத்தால் அடிப்பக்கம் 220°செ-ஐத் தொட்டுவிடலாம். மேலே வெப்பமானி 160 காட்டிக்கொண்டிருக்கும்போதே அடியில் எஸ்பிஎஸ் அறுந்துகொண்டிருக்கும். உருகியதும் கரண்டியால் அடிவரை கிளறி, ஒரே தடவையில் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு டப்பாதான். ஒரே டப்பாவைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் "மூப்படையாத மாதிரி" என்று நீங்கள் எழுதுவது ஏற்கெனவே பாதி மூப்படைந்ததாக இருக்கும்.

கிளறியும் கரையாத கட்டிகளோ தோலோ தெரிந்தால் தொடராதீர்கள். முதலில் பிரிநிலைச் சோதனை செய்யுங்கள். அலுமினியக் குழாயில் ஊற்றி, 163°செ-இல் 48 மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, உறைய வைத்து மூன்றாக வெட்டி, மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் மென்மையாகும் புள்ளி பாருங்கள். வித்தியாசம் 3°செ-க்கு மேல் என்றால் அந்தச் சரக்கில் பாலிமர் பிரிகிறது. அதில் செய்யும் மூப்பு ஆய்வு எதையும் சொல்லாது.

குறுங்கால மூப்பு: ஆர்டிஎஃப்ஓ

இது கலவை ஆலையிலும் சாலை போடும்போதும் நடக்கும் மூப்பைப் போலச் செய்வது. ஒவ்வொரு கண்ணாடிப் புட்டியிலும் 35 கிராம், அரை கிராம் கூடக்குறைய. ஊற்றியதும் புட்டியைப் படுக்க வைத்து உருட்டி உள்சுவர் முழுக்கப் பூசுங்கள். எடை பார்க்கும் புட்டிகளை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு எடை எழுதுங்கள். அடுப்பு 163°செ, சுழற்சி நிமிடத்துக்கு 15, காற்று நிமிடத்துக்கு 4 லிட்டர், நேரம் 85 நிமிடம். ஐரோப்பிய முறையில் இதே சோதனை 75 நிமிடம். வேறு நாட்டு ஆய்வறிக்கையோடு ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள். சட்டத்தின் எட்டு இடங்களும் நிரம்பியிருக்க வேண்டும். மாதிரி போதாவிட்டால் காலிப் புட்டி வையுங்கள். புட்டிகளை வைத்த 10 முதல் 15 நிமிடத்துக்குள் அடுப்பு மறுபடி 163-க்கு வராவிட்டால் அந்தச் சோதனையைக் கைவிடுங்கள்.

பாலிமர் கலந்த பிட்டுமென் தொல்லை கொடுப்பது இங்கேதான். பாகுத்தன்மை அதிகமென்றால் அது புட்டிக்குள் மெல்லிய படலமாக ஓடாது, உருளையாகத் திரண்டு சுவரோடு சேர்ந்து சுற்றும். புதிய பரப்பு காற்றுக்கு வராததால் மூப்பு குறைவாக விழும். விலை கூடிய, நன்றாக மாற்றம் செய்யப்பட்ட சரக்கு "மூப்பை எதிர்க்கிறது" என்று தவறாகப் பெயர் வாங்குவது பல சமயம் இதனால்தான். இன்னொரு சிக்கல், புட்டியின் வாய்வழியாக ஊர்ந்து வெளியே வருவது. படலம் பரவட்டும் என்று புட்டிக்குள் எஃகுக் கம்பி போட்டுப் பார்த்த முறையும் உண்டு. அது இந்த வழிதலை இன்னும் கூட்டியது. ஆகவே அடுப்பைத் திறக்காமல் 40-ஆவது நிமிடத்தில் கண்ணாடி வழியே பாருங்கள். படலம் புரண்டு ஓடுகிறதா, கட்டியாகச் சுற்றுகிறதா என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். வழிந்தால் முதலில் புட்டிச் சட்டம் சமமட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். அப்படியும் ஓடாத சரக்குக்கு மெல்படல அடுப்புச் சோதனைக்கு மாறுவது நேர்மையானது: 140 மிமீ தட்டில் சுமார் 50 கிராம், 163°செ, 5 மணி நேரம். அறிக்கையில் எந்த முறை என்று தெளிவாக எழுத வேண்டும். இரு முறைகளின் எண்களை ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

முடிந்ததும் சூடாக இருக்கும்போதே ஊற்றி, மீதியைச் சுரண்டி எடுங்கள். சுவரில் ஒட்டியிருப்பதுதான் அதிகம் மூப்படைந்த பகுதி. அதை விட்டுவிட்டால் முடிவு சாய்ந்துவிடும். ஆறு புட்டிகளின் எச்சத்தையும் ஒன்றாக்கி நன்றாகக் கிளறுங்கள். எடை மாற்றம் சில சமயம் கூடுதலாக வரும். பிழை என்று பதற வேண்டாம்: ஆவியாகிப் போனதைவிட ஏற்றுக்கொண்ட ஆக்சிஜன் அதிகம் என்பதே அதன் பொருள்.

நீண்டகால மூப்பு: பிஏவி

ஆர்டிஎஃப்ஓ எச்சத்தில் தட்டுக்கு 50 கிராம், சுமார் 3.2 மிமீ கனம். 2.1 மெகாபாஸ்கல் காற்றழுத்தம், 100°செ, 20 மணி நேரம். அழுத்தத்தை இறக்க 8 முதல் 10 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டென்று திறந்தால் கரைந்திருந்த காற்று நுரையாகப் பொங்கும். பிறகு 170°செ-இல், 15 கிலோபாஸ்கல் வெற்றிடத்தில், 30 நிமிடம் காற்று நீக்குங்கள். பாலிமர் கலந்ததில் குமிழிகள் தானாக மேலே வராது. இந்தப் படியைத் தவிர்த்தால் பிபிஆர் (குளிரில் வளைத்து விறைப்பு அளப்பது) சட்டங்கள் சோதனையின் நடுவே உடையும்.

பாலைவன வெப்பத்துக்காக 110°செ-க்கு உயர்த்தும் வழக்கம் உண்டு. எஸ்பிஎஸ் கலந்ததற்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. வெப்பநிலையைக் கூட்டினால் பாலிமர் அறுபடும் வேகமும் பிட்டுமென் இறுகும் வேகமும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. சாலையில் நடக்காத ஒரு கலவையை அடுப்பில் உண்டாக்கிவிடுவோம். கூடுதல் மூப்பு வேண்டுமென்றால் 100°செ-லேயே வைத்து 40 மணி நேரம் ஓட்டுங்கள். 20 மணி நேரம் அசையாமல் இருக்கும் தட்டில் பாலிமர் மேலே மிதக்கவும் கூடும். ஆகவே தட்டுகளைச் சூடாக்கி ஒன்றாக ஊற்றிக் கிளறிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

டிஎஸ்ஆர்: எப்படி அளப்பது

46°செ-க்கு மேல் 25 மிமீ தட்டும் 1 மிமீ இடைவெளியும், அதற்குக் கீழே விறைப்பு கூடிய இடத்தில் 8 மிமீ தட்டும் 2 மிமீ இடைவெளியும். 25 மிமீ தட்டில் இடைவெளியை 1.05 மிமீ-இல் நிறுத்தி, சூடாக்கிய கத்தியால் ஓரத்தைச் சீவி, பிறகு 1.00-க்கு இறக்குங்கள். ஓரம் இலேசாகப் புடைத்து நிற்க வேண்டும். பாலிமர் கலந்தது சீவும்போது நூலாக இழுபட்டு ஓரத்தில் பள்ளம் விடும். பள்ளம் விழுந்தால் மாதிரியைக் கழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஆரத்தில் வரும் பிழை விறைப்பில் நான்காம் படியில் பெருகும்: ஆரம் 2 சதவீதம் குறைந்தால் விறைப்பு சுமார் 8 சதவீதம் குறைவாகத் தெரியும்.

வெப்பநிலை நிலைக்கக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். வழக்கமான திரிபு: மூப்படையாததற்கு 12 சதவீதம், ஆர்டிஎஃப்ஓ எச்சத்துக்கு 10, பிஏவி எச்சத்துக்கு 1. ஆனால் பாலிமர் வலை உள்ள மாதிரிக்கு நேர்கோட்டு எல்லை குறுகலாக இருக்கலாம். புதுச் சரக்கு வந்ததும் ஒரு தடவையாவது திரிபைப் படிப்படியாக உயர்த்தி, ஜி-ஸ்டார் (மொத்த விறைப்பு) தொடக்க மதிப்பில் 95 சதவீதத்துக்குக் கீழே எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

ஜி-ஸ்டாரோடு கருவி தரும் இன்னோர் எண் டெல்டா, சுமைக்கும் திரிபுக்கும் இடையிலான கோணம்: குறைந்தால் ரப்பர் போல மீளும், 90 பாகையை நெருங்கினால் திரவம் போல ஓடும். தரக்கட்டுப்பாட்டுக்கு 10 ரேடியன்/வினாடி அலைவெண் ஒன்றே போதும்: ஜி-ஸ்டாரைச் சைன் டெல்டாவால் வகுத்தது மூப்படையாததில் 1.0 கிலோபாஸ்கல், ஆர்டிஎஃப்ஓ எச்சத்தில் 2.2 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும் என்பது தரப்படுத்தலில் புழங்கும் வரம்பு. மூப்பைப் புரிந்துகொள்ள அது போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டெல்டா 60 பாகை என்றால் சைன் 0.866, 75 பாகை என்றால் 0.966. மீள்தன்மையில் பெரும்பகுதி போய் டெல்டா 60-இலிருந்து 75-க்கு ஏறினாலும் இந்த விகிதம் சுமார் 10 சதவீதம்தான் குறையும். பிட்டுமென் இறுகியதால் ஜி-ஸ்டார் இருமடங்கானால் அந்த 10 சதவீதம் அதற்குள் மறைந்துபோகும். மாதிரி வரம்பைத் தாண்டித் தேறும், பாலிமர் செத்திருக்கும்.

ஆகவே மூப்படையாதது, ஆர்டிஎஃப்ஓ எச்சம், பிஏவி எச்சம் என்ற மூன்று நிலைகளிலும் 0.1 முதல் 100 ரேடியன்/வினாடி வரை, 10 முதல் 80°செ வரை 10 பாகை இடைவெளியில் அலைவெண் வருடல் எடுங்கள்.

படிப்பது எப்படி

முதலில் வரைய வேண்டியது பிளாக் வரைபடம்: ஓர் அச்சில் ஜி-ஸ்டார் மடக்கை அளவில், மறு அச்சில் டெல்டா. வெப்பநிலையும் அலைவெண்ணும் இதில் வராததால் பொருளின் குணம் மட்டும் தெரியும். சாதாரண பிட்டுமெனில் விறைப்பு குறையக் குறைய டெல்டா ஏறிக்கொண்டே போய் 90-ஐத் தொடும். எஸ்பிஎஸ் வலை உள்ளதில் டெல்டா ஏறி, நடுவில் நின்று சமதளமாகி, சில சமயம் திரும்பிக் கீழேயும் வரும். அந்த வளைவுதான் பாலிமரின் கையெழுத்து.

இப்போது மூன்று நிலைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். விறைப்பான பக்கத்தில், அதாவது குறைந்த வெப்பநிலையில், மூப்பு கூடக்கூட டெல்டா குறையும். அது பிட்டுமென் இறுகுவது. மென்மையான பக்கத்தில் சமதளம் கரைந்து டெல்டா 90-ஐ நோக்கி ஏறினால், அது பாலிமர் அறுபடுவது. ஒரே வரைபடத்தில் இரண்டும் தனித்தனி மூலைகளில் நிற்கும். ஒரே வெப்பநிலையில் ஒப்பிடுவதைவிட ஒரே விறைப்பில் ஒப்பிடுவது ஏன் மேல் என்பது இதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

70°செ அளவில் கிடைக்கும் எண்களை இப்படிப் படிக்கலாம். ஜி-ஸ்டார் ஏறி, டெல்டா இறங்கினால் பிட்டுமென் மூப்பு முந்துகிறது, வலை இன்னும் இருக்கிறது. ஜி-ஸ்டார் ஏறி, டெல்டாவும் ஏறினால் பாலிமர் இழப்பு உறுதி. சாதாரண பிட்டுமெனில் இப்படி நடக்கவே நடக்காது. ஆர்டிஎஃப்ஓ-க்குப் பிறகு ஜி-ஸ்டாரே இறங்கினால் பாலிமர் கடுமையாக அறுந்திருக்கிறது. கந்தகம் போன்ற குறுக்கிணைப்பான் சேர்க்காத சரக்கில் இதை எதிர்பாருங்கள். ஜி-ஸ்டார் பல மடங்கு ஏறி, டெல்டா 20, 25 பாகை இறங்கினால் குறுக்கிணைப்பு அடுப்பிலும் தொடர்ந்து நடந்து கூழாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது கந்தக அளவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பிளாக் வரைபடத்தில் வெவ்வேறு வெப்பநிலைப் புள்ளிகள் ஒரே கோட்டில் விழாமல் கிளை கிளையாகப் பிரிந்தால், எல்லாவற்றையும் நகர்த்தி ஒரே மாஸ்டர் வளைவாக்க முயலாதீர்கள். பாலிமர் வலையின் அமைப்பே வெப்பநிலையோடு மாறுகிறது என்பதற்கான சாட்சி அது. மென்பொருள் ஒரு வளைவைப் பொருத்தித் தந்துவிடும். அதற்குப் பொருள் இருக்காது. மூப்புக்குப் பிறகு கிளைகள் ஒன்றுசேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தால், அதுவும் பாலிமர் போனதற்கு ஓர் அடையாளமே.

எம்எஸ்சிஆர்: மீள்தன்மைக்கு நேரடிக் கேள்வி

எம்எஸ்சிஆர் என்பது டிஎஸ்ஆர் கருவியில் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி, விட்டதும் எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பது. ஒரு வினாடி சுமை, ஒன்பது வினாடி ஓய்வு. 0.1 கிலோபாஸ்கலில் 20 சுற்று, அதில் முதல் பத்து பழக்குவதற்கு, பிறகு 3.2 கிலோபாஸ்கலில் 10 சுற்று. கணக்கு எளிது. 3.2 கிலோபாஸ்கலில் ஒரு சுற்றின் உச்சத் திரிபு 2.40, ஓய்வுக்குப் பின் மிஞ்சியது 0.96 என்று வைத்துக்கொண்டால், மீட்சி 60 சதவீதம். மீளாத இணக்கம், ஜேஎன்ஆர், 0.96-ஐ 3.2-ஆல் வகுக்க 0.30. இந்த ஜேஎன்ஆர்-க்கு எல்லை வளைவு கேட்கும் குறைந்தபட்ச மீட்சி 29.371-ஐ ஜேஎன்ஆர்-இன் -0.2633 படியால் பெருக்கியது, அதாவது சுமார் 40 சதவீதம். 60 அதற்கு மேலே இருப்பதால் வலை வேலை செய்கிறது.

தரநிலை ஆர்டிஎஃப்ஓ எச்சத்தை மட்டும் கேட்கும். பிஏவி எச்சத்திலும் செய்யுங்கள். ஆனால் ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். இறுகிய பிட்டுமென் தன் விறைப்பாலேயே கொஞ்சம் மீளும். மீட்சி கூடியதுபோல் தெரியும். பிஏவி எச்சத்தின் வெப்பநிலையை 6 பாகை வீதம் உயர்த்தி, பழைய ஜேஎன்ஆர் மதிப்புக்குக் கொண்டுவந்து, அங்கே மீட்சியைப் பாருங்கள். அங்கும் 60 அருகே நின்றால் பாலிமர் உயிரோடு இருக்கிறது. 25-க்கு விழுந்தால் நீங்கள் அளந்தது வெறும் இறுகலை.

வெடிப்புப் பக்கம்

பிபிஆர் சோதனையில் 60-ஆவது வினாடியில் விறைப்பு 300 மெகாபாஸ்கலும் எம்-மதிப்பு (விறைப்பு நேரத்தோடு தளரும் வேகம்) 0.300-உம் எல்லைகள். தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர் வெடிப்பு இல்லையே, எதற்கு இது என்று கேட்கலாம். தகைவைத் தளர்த்திக்கொள்ளும் திறன் மூப்பில் எவ்வளவு போனது என்பதை இரண்டு எல்லை வெப்பநிலைகளின் வித்தியாசம், டெல்டா-டிசி, சொல்லும். ஓர் எடுத்துக்காட்டு: -12°செ-இல் விறைப்பு 190, எம் 0.312, -18°செ-இல் விறைப்பு 390, எம் 0.262. விறைப்பை மடக்கையில் இடைச்செருகினால் 300-ஐத் தொடுவது -15.8, எம் 0.300-ஐத் தொடுவது -13.4. இரண்டிலும் 10 கழிக்க -25.8, -23.4. வித்தியாசம் -2.4°செ. சாதாரண பிட்டுமெனில் -2.5 எச்சரிக்கை, -5 ஆபத்து என்று கொள்வது வழக்கம். எஸ்பிஎஸ் கலந்ததில் பாலிமரே எம்-மதிப்பைத் தாழ்த்துவதால் இந்த எண் கூடுதலாக எதிர்மறையாகும். ஆகவே வேறு சரக்கோடு ஒப்பிடாமல், அதே சரக்கின் 20 மணி, 40 மணி எச்சங்களுக்கு இடையே எவ்வளவு சரிகிறது என்பதை மட்டும் நம்புங்கள்.

ஐயம் தீர ஓர் அகச்சிவப்பு நிறமாலை

கருவி கிடைக்குமானால் நான்கு இடங்களைப் பாருங்கள்: 1700-இல் கார்பனைல், 1030-இல் சல்ஃபாக்சைடு, 966-இல் பியூட்டாடையீன், 699-இல் பாலிஸ்டைரீன், எல்லாம் செமீ தலைகீழ் அலகில். 966-ஐ 699-ஆல் வகுத்து வரும் விகிதம் மூப்போடு குறைந்தால் நடுத்துண்டு அறுபடுகிறது. சல்ஃபாக்சைடை மட்டும் நம்பாதீர்கள். அதிக வெப்பத்தில் அது உண்டாவதோடு சிதையவும் செய்யும்.

ஆலைத் தொட்டியில்

சாதாரண பிட்டுமெனுக்கு 0.17 பாஸ்கல்-வினாடி பாகுத்தன்மை வரும் வெப்பநிலையைக் கலவை வெப்பநிலையாக எடுப்பார்கள். அதே விதியைப் பாலிமர் கலந்ததற்குப் போட்டால் 190°செ-க்கு மேல் காட்டும். அந்தச் சூட்டில் கலந்தால் ஆர்டிஎஃப்ஓ-வில் கண்ட இழப்பைவிட அதிகம் ஆலையிலேயே நடந்துவிடும். கலவையை 165 முதல் 180-க்குள் வைத்து, தொட்டியைக் கிளறியபடி வைத்திருங்கள். மழையால் வேலை நின்றால் சூட்டைக் குறையுங்கள். "நாளைக்குப் போடலாம்" என்று 175-இலேயே ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டாம்.

தொட்டியில் டிஎஸ்ஆர் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தினமும் ஒரே இடத்தில் மாதிரி எடுத்து மென்மையாகும் புள்ளியும் மீள்மீட்சியும் (இழுத்து விட்டால் எவ்வளவு திரும்புகிறது என்பது) பாருங்கள். பிட்டுமென் மட்டும் மூப்படைந்தால் மென்மையாகும் புள்ளி ஏறத்தான் வேண்டும். அது நாளுக்கு நாள் இறங்குகிறது, மீள்மீட்சியும் கூடவே இறங்குகிறது என்றால் உள்ளே எஸ்பிஎஸ் அறுந்துகொண்டிருக்கிறது. தொட்டியின் மேலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி எடுத்துப் பிரிநிலை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அன்றே சூட்டைக் குறையுங்கள். அந்தச் சரக்கை ஆர்டிஎஃப்ஓ, எம்எஸ்சிஆர் பார்க்காமல் சாலைக்கு அனுப்பாதீர்கள்.